டேப்லெட்டில் குழந்தையின் குரல்: தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். எல்லோர் முன்னும் நின்று வாசிக்கச் சொன்னால் அவன் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். ஒரு நாள் அவனிடம் டேப்லெட்டைக் கொடுத்து, வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னேன். ஏழு முறை பதிவு செய்தான். ஆறை அழித்துவிட்டு ஏழாவதை என்னிடம் நீட்டினான். முதல் முறை ‘மளை’ என்று சொன்னதைத் தானே கேட்டுக் கண்டுபிடித்து, ‘மழை’ என்று வரும்வரை விடாமல் முயன்றிருக்கிறான். அவன் பயன்படுத்தியது கருவியோடு வந்த சாதாரண ஒலிப்பதிவுச் செயலி. விலை கொடுத்து வாங்கிய வண்ணமயமான வாசிப்பு விளையாட்டுகள் அதே டேப்லெட்டில் தொடப்படாமல் கிடந்தன.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை இது: சிறு குழந்தையின் கையில் டேப்லெட் இருக்கும்போது, குழந்தை எதையாவது உருவாக்க வேண்டும், சொல்ல வேண்டும், திரும்பக் கேட்டுத் திருத்த வேண்டும். 1972இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே குழந்தைகளுக்கான கையடக்கக் கணினி ஒன்றை ‘டைனாபுக்’ என்ற பெயரில் கற்பனை செய்தபோதும், அவர் மனத்தில் இருந்தது குழந்தை எழுதுகிற, வரைகிற, நிரல் அமைக்கிற கருவிதான். ஐபேட் வந்தது 2010இல். கருவி வந்துவிட்டது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: பாடத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

செயலிகளைத் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ‘இந்தப் பாடத்தின் முடிவில் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?’ என்பதற்கு ஒரு வாக்கியத்தில் விடை எழுதுங்கள். ‘பின்னம்’ என்று எழுதினால் போதாது. ‘கால் என்றால் நான்கு சம பாகங்களில் ஒன்று என்று குழந்தை தன் சொற்களில் விளக்கும்’ என்று எழுதுங்கள். வினைச்சொல் தெளிவாக இருந்தால் பாதி முடிவு வந்துவிடும். ‘விளக்கும்’ என்றால் ஒலிப்பதிவு. ‘ஒப்பிடும்’ என்றால் கேமரா. ‘வரிசைப்படுத்திச் சொல்லும்’ என்றால் படக்கதை அல்லது அசைவூட்டம் (அனிமேஷன்).

அடுத்த கேள்வி: இது காகிதத்தில், கரும்பலகையில், கைப்பொருளில் நன்றாக நடக்குமா? நடக்கும் என்றால் டேப்லெட் வேண்டாம். பத்து மணிகளை எண்ணிக் குவிப்பதைத் திரையில் செய்வதால் ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்த லாபமும் இல்லை. விரல்களுக்கு மணியின் எடை தெரியாமல் போவதுதான் மிச்சம்.

வகுப்பில் தொழில்நுட்பம் எந்த அளவுக்கு வேலையை மாற்றுகிறது என்று பார்க்க, கல்வித் தொழில்நுட்ப அறிஞர் ரூபன் புவன்டெடுரா வகுத்த நான்கு நிலைகளைப் பயிற்சிகளில் நீங்கள் கேட்டிருக்கலாம்: பழைய வேலைக்கு மாற்றாக மட்டும் கருவி நிற்பது, அதைக் கொஞ்சம் மேம்படுத்துவது, வேலையையே மாற்றியமைப்பது, முன்பு முடியாத புதிய வேலையை உண்டாக்குவது. நல்ல கண்ணாடிதான். ஆனால் இதை ஏணியாக நினைத்து ஒவ்வொரு பாடத்தையும் உச்சிக்கு ஏற்ற முயல வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது முதல் இரண்டு நிலைகளுக்குள் அடங்கிவிடும் வேலை. பார்வை மங்கிய குழந்தைக்கு அதுவே பாடத்தின் கதவு.

படி 2: செயலியைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து செயலிகள் ஓர் ஆண்டுக்குப் போதும். கேமரா, ஒலிப்பதிவு, வரைபலகை, மின்புத்தகம் செய்யும் ஒன்று, அசைவூட்டம் அல்லது நிரலாக்கத்துக்கு ஒன்று. முதல் இரண்டும் கருவியிலேயே இருக்கும். புத்தகத்துக்கு ‘புக் கிரியேட்டர்’ போன்றவை உண்டு. படம், எழுத்து, குரல் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கலாம். நிரலாக்கத்துக்கு 2014இல் வெளிவந்த ‘ஸ்கிராட்ச் ஜூனியர்’ 5 முதல் 7 வயதினருக்காகவே உருவானது. அதன் கட்டளைக் கட்டைகளில் எழுத்துக்குப் பதிலாகப் படக்குறிகள் இருப்பதால் வாசிக்கத் தெரியாத குழந்தையும் திரையில் உள்ள பூனையை நடக்க வைத்துவிடும். ஒரு திட்டத்தில் நான்கு பக்கங்கள் மட்டுமே வைக்க முடியும் என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. தொடக்கம், நடுவில் இரண்டு, முடிவு என்று கதையைச் சுருக்கிச் சொல்லக் குழந்தை அதிலேயே கற்றுக்கொள்கிறது.

பயிற்சிச் செயலிகளை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. ‘ஜிகாம்ப்ரி’ கட்டற்ற மென்பொருள். 2 முதல் 10 வயதினருக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் விளம்பரமின்றிக் கிடைக்கின்றன. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ உண்டு, திரையிலேயே மாற்றிப் பார்க்கக்கூடிய மாதிரிச் சோதனைகள் அவை. தமிழில் வாசிக்கப் பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் திறந்த உரிமத்தில் கதைகள் உள்ளன. நிலை வாரியாகப் பிரித்திருப்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், குழந்தைகளிடம் கொடுக்கும் முன் நீங்கள் அரை மணி நேரம் அதனுடன் தனியாக உட்காருங்கள். முதலில் வேண்டுமென்றே தவறான விடைகளை மட்டும் கொடுங்கள். தவறுக்குச் செயலி என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். ‘தவறு’ என்று ஓர் ஒலி எழுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் அது தேர்வு நடத்துகிறது, கற்பிக்கவில்லை. எங்கே பிசகியது என்று காட்டினால், மறுபடி முயல விட்டால், வைத்துக்கொள்ளலாம். பிறகு கேள்வியைப் பார்க்காமலேயே எல்லா விடைகளையும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். அப்படித் தட்டியே நட்சத்திரங்களைச் சேர்க்க முடிந்தால், உங்கள் வகுப்பின் கெட்டிக்காரக் குழந்தை இரண்டே நாளில் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், வைஃபை தடுமாறும் நாளில் உங்கள் பாடமும் நின்றுவிடும். விளம்பரம் வருகிறதா, பணம் கேட்கும் பொத்தான் எங்காவது இருக்கிறதா, குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், ஏன் என்று தெரியும்வரை நிறுவாதீர்கள்.

தமிழுக்கென்று தனியாக இரண்டு எச்சரிக்கைகள். எழுத்தின் மேல் விரலால் வரையும் செயலிகள் பல, எழுத்துருவின் வடிவத்தை மட்டும் பார்க்கின்றன. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. ‘இ’யை வாலிலிருந்து தொடங்கி எழுதினாலும் பாராட்டும் செயலி, பின்னால் கையெழுத்தைத் திருத்தும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறது. இரண்டாவது, தட்டச்சு. கையால் ‘கெ’ எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ககரத்துக்கு வருகிறோம். விசைப்பலகையில் ககரத்தைத் தட்டிய பிறகே கொம்பு வரும். எழுதக் கற்கும் வயதில் இந்த முரண் குழந்தையை உண்மையாகவே குழப்பும். அதனால் முதல் இரண்டு வகுப்புகளில் நான் தட்டச்சைத் தொடுவதே இல்லை. குழந்தை நோட்டில் எழுதுகிறது. எழுதிய பக்கத்தைப் படமெடுத்து மின்புத்தகத்தில் ஒட்டுகிறது. மேலே தன் குரலைச் சேர்க்கிறது. மூன்றாம் வகுப்பில் விசைப்பலகையை அறிமுகப்படுத்தும்போது இந்த வரிசை மாற்றத்தை ஒரு பாடமாகவே நடத்துங்கள். குழந்தைகள் இதை ஒரு புதிர் போல ரசிக்கிறார்கள்.

படி 3: கருவிகளைத் தயார் செய்யுங்கள்

என் முதல் டேப்லெட் வகுப்பில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பைத் தொடங்கின. பாடவேளை முழுவதும் முப்பது குழந்தைகள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் ஏமாந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. நீங்கள் அதைத் தவிர்க்கலாம். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு மாலை நீங்களே செய்யுங்கள். அறிவிப்புகளை அணையுங்கள். செயலிக்குள் பணம் செலுத்தும் வசதியைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். முகப்புத் திரையில் உங்கள் ஐந்து செயலிகளை மட்டும் வைத்து, எல்லாக் கருவிகளிலும் அதே வரிசையில் அடுக்குங்கள். ‘இரண்டாவது படத்தைத் தொடுங்கள்’ என்று ஒரே குரலில் வகுப்பு முழுவதையும் நடத்த அப்போதுதான் முடியும்.

ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் எண் ஒட்டுங்கள். அதே எண்ணை முகப்புப் பின்னணிப் படமாகவும் வையுங்கள். குழந்தைக்கு எப்போதும் ஒரே எண். தன் வேலை தன் கருவியில் இருக்கும் என்ற நம்பிக்கை சிறு குழந்தைக்கு முக்கியம்.

குழந்தை ஒரே செயலிக்குள் நிற்க வேண்டுமானால், ஐபேடில் அமைப்புகளின் அணுகல்தன்மைப் பகுதியில் ‘வழிகாட்டப்பட்ட அணுகல்’ இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, செயலியைத் திறந்து, மேல் பொத்தானை அல்லது முகப்புப் பொத்தானை மும்முறை அழுத்தித் தொடங்கினால் கடவுக்குறி இல்லாமல் வெளியேற முடியாது. திரையின் ஒரு பகுதியை மட்டும் தொட முடியாதபடி மறைக்கவும் முடியும். ஆண்ட்ராய்டில் 5.0 பதிப்பு முதல் செயலியைத் திரையில் பொருத்தும் வசதி, பாதுகாப்பு அமைப்புகளில் உண்டு. இந்தப் பூட்டு முதல் சில வாரங்களுக்குத்தான். பிறகு தளர்த்துங்கள், வெளியே போக முடிந்தும் போகாமல் இருப்பதையும் குழந்தை பழக வேண்டும்.

நீண்ட விடுமுறைக்கு முன் பேட்டரியை ஏறக்குறைய பாதி அளவில் வைத்து அணைத்துவிடுங்கள். முழுமையாக ஏற்றியோ முற்றிலும் வடியவிட்டோ வைத்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரும். சார்ஜ் ஏறும்போது காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் அடுக்காதீர்கள். ஹெட்போன் ஒலியளவுக்கு அமைப்புகளிலேயே உச்சவரம்பு வைக்கலாம். பாதுகாப்பாகக் கேட்பதற்கென உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட தரநிலை, குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்ற அளவைச் சொல்கிறது. பெரியவர்களுக்கு அது 80.

படி 4: முதல் வாரம், பழக்கங்கள் மட்டும்

முதல் வாரத்தில் பாடம் எதுவும் வேண்டாம். இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்து எடுத்து வருவது, மேசையின் நடுவில் வைப்பது, ‘திரை கீழே’ என்றதும் கவிழ்த்துவிட்டு ஆசிரியரைப் பார்ப்பது, முடிந்ததும் எண் பார்த்து இடத்தில் வைப்பது. இவற்றை விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்த ஒரு வாரம் ஆண்டு முழுவதும் உங்கள் குரலைக் காப்பாற்றும்.

ஐயம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம், பிறகு குழுவிடம், அதன் பிறகே ஆசிரியரிடம் என்ற ஒழுங்கையும் இப்போதே கொண்டுவாருங்கள். உதவி செய்பவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், அடுத்தவர் திரையைத் தொடக் கூடாது என்பது என் வகுப்பில் மாறாத விதி. தொட்டுவிட்டால் கற்றுக்கொள்வது உதவி செய்தவர்தான்.

படி 5: ஒரு பாடத்தை முழுவதும் நடத்திப் பாருங்கள்

மூன்றாம் வகுப்பில் ‘கால்’ என்ற பின்னத்தை எடுத்துக்கொள்வோம். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 15 நிமிடம் டேப்லெட் அலமாரியிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு செவ்வகத் தாளைக் கொடுத்து, நான்கு சம பாகங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். பெரும்பாலோர் நான்கு பட்டைகளாகவோ, கூட்டல் குறி போல நான்கு செவ்வகங்களாகவோ மடிப்பார்கள். யாராவது ஒரு குழந்தை மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் போட்டு நான்கு முக்கோணங்களாக்கும். யாரும் செய்யாவிட்டால் நீங்கள் ஒன்று செய்து கலந்துவிடுங்கள்.

இப்போது டேப்லெட். தன் தாளைப் படமெடுத்து, வரைபலகைச் செயலியில் ஒரு பாகத்துக்கு நிறம் தீட்டி, ‘இது ஏன் கால்?’ என்பதற்கு 30 நொடிக்குள் குரலில் விடை பதிவு செய்ய வேண்டும். இதற்கு 15 நிமிடம்.

அந்தப் பதிவுகளைக் கேட்கும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். ‘நான்கு துண்டு இருக்கிறது, அதனால் கால்’ என்று பலர் சொல்லியிருப்பார்கள். சமம் என்ற சொல்லே இருக்காது. நான்கு விருப்ப விடைகளில் ஒன்றைத் தட்டச் சொல்லியிருந்தால் இதே குழந்தைகள் சரியான விடையைத் தட்டியிருப்பார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நீங்களும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பீர்கள். மூன்றே சொற்களில் குழந்தையின் குரல் இடைவெளியைக் காட்டிக்கொடுக்கிறது.

கடைசி 10 நிமிடம் அந்த முக்கோணத் தாளுக்கு. அதன் படத்தைப் பெரிய திரையில் காட்டுங்கள். பெரிய திரை இல்லையென்றால் டேப்லெட்டையே வட்டமாகச் சுற்ற விடுங்கள். மேலும் கீழும் இருக்கும் முக்கோணங்கள் ஒரு வடிவம், இடமும் வலமும் இருப்பவை வேறொரு வடிவம். இவை சமமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். வாதிடட்டும். பிறகு ஒரு முக்கோணத்தை அதன் உச்சியிலிருந்து அடியின் நடுவுக்கு வெட்டி, இரண்டு துண்டுகளையும் திருப்பிச் சேர்த்து, பக்கத்து முக்கோணத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். அச்சாகப் பொருந்தும். வடிவம் வேறு, அளவு ஒன்று. இந்த வெட்டுதலைக் குழந்தைகள் நான்கைந்து படங்களாக எடுத்து அடுக்கினால் ஒரு சிறு அசைவூட்டம் கிடைத்துவிடும். அன்று ‘நான்கு துண்டு’ என்று சொன்னவர்களை மறுநாள் மீண்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முப்பது பதிவுகளையும் ஒரே இரவில் கேட்க வேண்டியதில்லை. நாளுக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும். கேட்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டில் குழந்தையின் சொற்களை அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் வேண்டாம்.

படி 6: கருவிகள் குறைவாக இருந்தால்

ஆளுக்கொரு டேப்லெட் இல்லை என்று வருந்தாதீர்கள். இருவருக்கு ஒன்று என்பதே சிறு வகுப்புகளில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் பேச்சு நடக்கிறது. ஒருவர் செய்பவர், மற்றவர் சொல்பவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். ஐந்து கருவிகள்தான் உண்டென்றால் வகுப்பை நான்கு குழுக்களாக்கி, ஒன்று டேப்லெட்டில், ஒன்று நோட்டில், ஒன்று கைப்பொருளில், ஒன்று உங்களோடு என்று சுழற்றுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அது வகுப்பின் கேமரா. பயறு முளைப்பதைப் பத்து நாள் ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் படமெடுக்கும் பொறுப்பை நாளுக்கு ஒருவரிடம் கொடுங்கள். கேமரா நகராமல் இருக்கத் தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

படி 7: எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டச் செய்யுங்கள்

ஐபேடில் ‘வாய்ஸ்ஓவர்’, ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’ திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும். எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தைத் தலைகீழாக்கலாம், தொடுதலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டலாம். கை நடுக்கம் உள்ள குழந்தைக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். எழுதத் திணறும் குழந்தை குரலால் கதை சொல்லட்டும்; கதை சொல்லும் திறனையும் எழுத்தை வடிக்கும் திறனையும் தனித்தனியாகப் பார்க்க அப்போது முடியும். இந்த அமைப்புகளை அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் காட்டாமல் வகுப்பு முழுவதற்கும் அறிமுகப்படுத்துங்கள். அப்போது யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

படி 8: படங்களையும் பெயர்களையும் காக்க வேண்டும்

குழந்தையின் தரவு குறித்து நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் இசைவைக் கேட்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வயது 18. சட்டம் எதுவானாலும் வகுப்பில் பின்பற்றக்கூடிய பழக்கங்கள் எளியவை. கணக்கில் உண்மைப் பெயருக்குப் பதிலாகக் கருவி எண்ணைக் கொடுங்கள். கேமராவுக்கு இருப்பிட அனுமதியை அணையுங்கள். இல்லாவிட்டால் படத்தோடு இடமும் பதிவாகும். முகத்தைவிடக் கைகளையும் வேலையையும் படமெடுக்கப் பழக்குங்கள். ‘உன்னைப் படம் எடுக்கட்டுமா?’ என்று கேட்காமல் எவரையும் எடுக்கக் கூடாது என்பதை ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஆசிரியரான நீங்களும் அவர்களிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.

படி 9: எப்போது நிறுத்துவது

திரை நேரத்தை ஒரே அமர்வில் 15 முதல் 20 நிமிடத்தோடு முடிப்பது என் வழக்கம். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய், தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும். குழந்தைகள் செயலியின் நட்சத்திரங்களைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள், பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்றால் அந்தச் செயலியை அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு செயலி எவ்வளவு நாள் ஓடியது, எத்தனை நிலைகள் முடிந்தன என்ற வரைபடங்களை நம்பி மதிப்பிடாதீர்கள். கற்றலில் தொழில்நுட்பத்தின் பயன் குறித்த உறுதியான சான்றுகள் குறைவு என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையே சொல்கிறது. அதனால் உங்கள் வகுப்பின் சான்றை நீங்களே சேர்க்க வேண்டும்: இரண்டு வாரம் கழித்து, டேப்லெட் இல்லாமல், அதே கேள்வியைக் காகிதத்தில் கேளுங்கள். விடை தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பருவ இறுதியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் நாள் வரும். பதிவுகளை அழிப்பதற்கு முன், ஒவ்வொரு குழந்தையும் தன் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். இதற்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு பாடவேளையில் முழு வகுப்பும் முடித்துவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதைக் குழந்தையே சொல்லட்டும். வைத்துக்கொள்ளச் சொன்னதைப் பெற்றோரிடம் சேர்த்துவிட்டு, மற்றவற்றை அதன் கையாலேயே அழிக்க விடுங்கள்.